உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா?

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை எழுத உட்கார்ந்தேன். "இனிமேல் என் வயிற்றில் இடமில்லை" என்று என் மடிக்கணினி கையை விரித்துவிட்டது. இயந்திரத்தின் பாஷையில் அது வேறு விதமாகத்தான் சொல்லிற்று, பொருள் இதுதான். 2014-ஆம் வருஷத்தில் வாங்கிய சாமான் அது. ஐந்நூறு ஜி.பி. கொள்ளும் ஹார்டு டிஸ்க். "இதை நிரப்ப இந்த ஜன்மம் போதாது" என்று வாங்கிய அன்று வீட்டில் பெருமை அடித்துக்கொண்டேன். ஜன்மம் முடியவில்லை, இடம் முடிந்துவிட்டது.

நாவல் எழுதுகிறவனுக்கு அவ்வளவு இடம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முந்நூறு பக்கத் தமிழ் நாவல் ஒன்றைக் கணினியில் வைக்க ஒன்றரை எம்.பி. இருந்தால் போதும். நான் இதுவரை எழுதியவை, எழுதிக் கிழித்தவை, எழுத நினைத்தவை எல்லாவற்றையும் போட்டாலும் ஒரு மூலை கூட நிரம்பாது. இடத்தை அடைத்தவை என் எழுத்துக்கள் அல்ல, மற்றவர்களுடைய குரல்கள்.

நான் குடியிருப்பது அனகாபுத்தூரில். பல்லாவரத்துக்கும் பம்மலுக்கும் அப்பால், அடையாற்றங்கரையில் உள்ள ஊர். 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அதற்கு முன் நகராட்சி. அதற்கும் வெகுகாலம் முன்பிருந்து இது நெசவாளர் ஊர். 'மெட்ராஸ் கைக்குட்டை' என்று பெயர் பெற்ற கட்டம் போட்ட துணியை இங்கே குழித்தறியில் நெய்து, கப்பலேற்றி, மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியா வரைக்கும் அனுப்பினார்கள். பெயர்தான் கைக்குட்டை. அங்கே அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போனார்கள். பிறகு அந்த ஏற்றுமதி படுத்தது. தறிகளும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இன்று மிச்சமிருக்கும் நெசவாளர் சிலர் வாழைநார் முதலிய இயற்கை நார்களில் சேலை நெய்து ஊர் பெயரைக் காப்பாற்றி வருகிறார்கள்.

இந்த மனிதர்களைப் பற்றி ஒரு நாவல் எழுத வேண்டும் என்பது என் நீண்ட நாளைய ஆசை. அதற்காக வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களைப் பேச வைத்துப் படம் பிடித்தேன். ஒரு மணி நேரப் படம் ஏழெட்டு ஜி.பி. தின்கிறது. நாற்பது மணி நேரம் பிடித்திருக்கிறேன். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

*

என் தங்கை மகன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலையாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தவனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு வழி இருக்கு மாமா. உள்ளே இருக்கிற டிஸ்க்கைக் கழட்டிட்டுப் பெரிசா ஒரு எஸ்.எஸ்.டி. போட்டுக்கலாம். இல்லேன்னா வெளியில ஒரு பெட்டி வாங்கி ஒயர்ல மாட்டிக்கலாம்."

"எது நல்லது?"

"உங்களுக்கு என்ன வேணுங்கறதைப் பொறுத்தது."

டாக்டர்களும் வக்கீல்களும் இப்படித்தான் பதில் சொல்லுவார்கள். "எனக்கு இடம் வேண்டும், வேறென்ன?" என்றேன்.

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை. உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா என்ற இந்தக் கேள்வி எப்போது பிறந்தது என்று யோசிக்கத் தொடங்கினேன். யோசிக்க யோசிக்க, கணினி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அது பிறந்துவிட்டது என்று தெரிந்தது.

எங்கள் தெருவில் ஒரு நெசவாளர் வீடு. தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். துளை போட்ட அட்டைகளைக் கயிற்றில் கோத்து மாலை மாதிரித் தொங்கவிட்டிருப்பார்கள். மிதியை மிதித்தால் ஓர் அட்டை நகரும். துளை உள்ள இடத்தில் பாவு நூல் மேலே எழும். துளை இல்லாத இடத்தில் பேசாமல் இருக்கும். சேலைக் கரையில் அன்னம் வேண்டுமா, மாங்காய் வேண்டுமா என்பதெல்லாம் அந்த அட்டையில் இருக்கிறது. அட்டையைக் கழற்றி வேறு அட்டை மாட்டினால் வேறு பூ விழும். ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் 1804-இல் இந்தப் பெட்டியை உருவாக்கினார். அதற்கு முன்னால் நம் காஞ்சிபுரத்துத் தறிகளில் 'அடை' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. பூவின் கணக்கையெல்லாம் நூலால் தறியிலேயே கட்டி வைத்துவிடுவார்கள். பூவை மாற்ற வேண்டுமானால் கட்டியதைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும்.

ஆக, 'அடை' என்பது உள்ளே வைத்த நினைவு. அட்டை என்பது வெளியே வைத்த நினைவு. என் மருமகன் சொன்ன இரண்டு வழியும் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன!

*

அட்டை தறியோடு நிற்கவில்லை. 1890-ஆம் வருஷத்து அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கை ஹாலரித் என்பவர் துளை அட்டைகளைக் கொண்டு எண்ணினார். அவருடைய கம்பெனி வேறு சில கம்பெனிகளோடு 1911-இல் இணைந்து, 1924-இல் ஐ.பி.எம். என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்த ஐ.பி.எம். 1956-இல் உலகத்தின் முதல் ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்தது. இரண்டடி அகலமுள்ள ஐம்பது தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும். எடை ஏறக்குறைய ஒரு டன். இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் அதில் அடங்கியது ஐம்பது லட்சம் எழுத்துக்கள்தாம். அந்தக் கொள்ளளவில் என் நாவல்களை இன்றைய முறைப்படி வைத்தால் இரண்டு முழுதாக உள்ளே போகும். மூன்றாவது பாதியில் நின்றுவிடும். (மூன்றாவது நாவலைப் பாதியில் நிறுத்தியிருக்கலாம் என்று சொன்ன விமரிசகர்களும் உண்டு.)

அந்த இயந்திரத்தில் தட்டுகள் உள்ளேயே நிலைத்துவிட்டன. நிரம்பிவிட்டால் வழியில்லை. ஆகவே 1962-இல் அதே கம்பெனியார் கழற்றி மாட்டக்கூடிய தட்டு அடுக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆறு தட்டு, சுமார் நாலரை கிலோ, கேக் டப்பா மாதிரி மூடிபோட்டு எடுத்துப் போகலாம். நினைவு மறுபடி வெளியே வந்தது. வெளியே வந்தால் தூசு படும் அல்லவா? தட்டுக்கும் அதை வாசிக்கும் முனைக்கும் நடுவில் இருப்பது தலைமயிரை விட மெல்லிய இடைவெளி. ஒரு தூசு புகுந்தால் போதும், தட்டு கீறிவிடும். ஆகவே 1973-இல் தட்டையும் முனையையும் சேர்த்து ஒரே கூட்டில் அடைத்து மூடினார்கள். அதற்கு 'வின்செஸ்டர்' என்று துப்பாக்கியின் பெயர் வழங்கிற்று.

இதற்கு நடுவில், 1971-இல், மெல்லிய பிளாப்பித் தட்டு வந்தது. நினைவு கைப்பைக்குள் ஏறிற்று. 1981-இல் வந்த ஐ.பி.எம். வீட்டுக் கணினி பிளாப்பியையே நம்பியிருந்தது. 1983-இல் வந்த அதன் தம்பி பத்து எம்.பி. டிஸ்க்கை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டது. 1987-இல் தோஷிபா கம்பெனியின் மசுவோகா என்ற ஜப்பானிய நிபுணரும் கூட்டாளிகளும், சுழலும் தட்டே இல்லாமல் மின்னூட்டத்தைச் சிறு அறைகளில் அடைத்து வைக்கும் ஒருவகை நினைவுச் சில்லை வெளியிட்டார்கள். 2000-ஆம் வருஷம் அந்தச் சில்லு பென் டிரைவாகச் சட்டைப் பையில் குடியேறிற்று. பிறகு அதே சில்லு எஸ்.எஸ்.டி. என்ற பெயரில் கணினியின் வயிற்றுக்குள்ளும் புகுந்தது.

நூற்றாண்டுக் கதையைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: வேகம் வேண்டியபோதெல்லாம் மனிதன் நினைவை உள்ளே இழுத்துக்கொண்டான், எடுத்துப் போகவும் பத்திரப்படுத்தவும் வேண்டியபோதெல்லாம் வெளியே வைத்தான். ஒன்று மற்றொன்றை ஒழித்துவிடவில்லை. இரண்டும் இரண்டு வேலைக்கு.

*

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

2013-இல் எங்கள் தெருப் பெரியவர் ஒருவரை நான்கு நாள் பேச வைத்துக் குரலைப் பதிவு செய்தேன். கைக்குட்டைக் காலத்தின் கடைசி மனிதர்களில் ஒருவர். சாயத்தின் வாசனை, கூலி வாங்கச் சனிக்கிழமை வரிசையில் நின்றது, நைஜீரியாவுக்குப் போகும் கட்டுகளை மாட்டு வண்டியில் ஏற்றியது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். பேசும்போது பக்கத்துத் தறி ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தச் சொல்லலாமா என்று நான் கேட்டதற்கு, "அது ஓடாட்டி எனக்குப் பேச வராது சார்" என்றார். மறு வருஷம் அவர் காலமானார்.

அந்தக் குரலை நான் என் பழைய மேஜைக் கணினியில் வைத்திருந்தேன். புத்திசாலித்தனமாக வெளிப்பெட்டி ஒன்று வாங்கி அதிலும் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். கணினி மேஜைக்குக் கீழே தரையில் இருந்தது. வெளிப்பெட்டி அதே மேஜையின் அடி இழுப்பறையில் இருந்தது. புதிய லேப்டாப் வந்த பிறகு, அதிலும் ஏற்றிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று ஒரு வருஷம் ஓடிற்று.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரும் வழியிலுள்ள ஏரிகளின் நீரும் சேர்ந்து அடையாறு கரை புரண்டது. அனகாபுத்தூரின் தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் வந்த வேகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நானும் என் மனைவியும் லேப்டாப்பையும் ரேஷன் கார்டையும் தலையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினோம். தண்ணீர் வடிந்த பிறகு கீழே இறங்கினால், கணினியும் சேறு, பெட்டியும் சேறு. கழுவி, உலர்த்தி, தெரிந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். தட்டு சுழலவில்லை.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பிரதி வைத்திருந்தேன். ஆனால் இரண்டும் ஒரே அறையில் இருந்தன. 'வெளி' என்று பெட்டிக்குப் பெயர் வைத்தால் ஆயிற்றா? ஆற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

*

நான் மட்டும் முட்டாள் அல்ல என்று சரித்திரத்தைப் புரட்டி ஆறுதல் தேடிக்கொண்டேன்.

தேவாரம் கிடைத்த கதை உங்களுக்குத் தெரியும். சோழ மன்னன் ஒருவன் (ராஜராஜன் என்பது வழக்கு) நம்பியாண்டார் நம்பியோடு தில்லைக்குப் போகிறான். ஏடுகள் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டியிருக்கின்றன. "மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கும்" என்கிறார்கள் அங்கே உள்ளவர்கள். மூவரோ எப்போதோ சிவலோகம் சேர்ந்துவிட்டார்கள். இந்தக் காலத்துக் கடவுச்சொல்லை விடக் கடினமான பூட்டு! மன்னன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து கதவைத் திறக்க வைக்கிறான். உள்ளே பார்த்தால் கறையான் புற்று. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து மிச்சம் கிடைத்ததை எடுத்தார்கள் என்று புராணம் சொல்கிறது. அத்தனை பத்திரமாக வைத்ததற்கு அதுதான் பலன்.

உ.வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூருக்கு ஏடு தேடிப் போனபோது, கோயிலில் இருந்த பழைய ஏடுகள் அக்கினிக்கு இரையாகிவிட்டன என்று கேட்டு மனம் நொந்தார். ஆனால் அவர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது எப்படி? ஒரே ஒரு பிரதியை நம்பியா? பல ஊர்களிலிருந்து பல பிரதிகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டார். ஓர் ஏட்டில் சிதைந்தது மற்றோர் ஏட்டில் இருந்தது. நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பூச்சிக்கும் பனையோலை சில நூற்றாண்டுக்கு மேல் தாங்காது. ஆகவே படிக்க ஆசைப்பட்டவர்கள் தலைமுறைதோறும் படியெடுத்துத் தங்கள் ஊருக்கு எடுத்துப் போனார்கள். பூட்டி வைத்தவர்களை விட, வாங்கிப் போய்ப் படியெடுத்தவர்கள்தான் நூலைக் காப்பாற்றினார்கள்.

எதிர்ப்புறத்து உதாரணமும் ஒன்று உண்டு; நினைத்தால் நெஞ்சு எரியும். 1981 ஜூன் முதல் தேதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டபோது தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் அழிந்தன. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. வேறு இடத்தில் பிரதி இருந்தவற்றை மறுபடி வாங்கலாம். மற்றவை போனவை போனவைதாம்.

*

அடுத்த ஞாயிறு மருமகன் வந்தான். "எனக்கு வேண்டியது ஒன்றல்ல, இரண்டு" என்றேன். "வேலை செய்ய இடமும் வேகமும் வேண்டும். அது ஒன்று. இந்தக் குரல்கள் நான் இல்லாமல் போனாலும், இந்த வீடு இல்லாமல் போனாலும் இருக்க வேண்டும். அது வேறொன்று."

"இதைத்தான் மாமா நான் கேட்டேன்" என்றான்.

பிறகு அவன் விளக்கியதைச் சுருக்கமாகத் தருகிறேன். என்னைப்போல் தவிக்கும் வாசகர்களுக்கு உதவலாம்.

வெளிப்பெட்டி வாங்கினால் இடம் கிடைக்கும், வேகம் கிடைக்காது. கணினியின் மூளைக்கு வேண்டியதெல்லாம் உள்ளே இருக்கும் பழைய தட்டிலிருந்துதானே வர வேண்டும்? சுழலும் தட்டு விநாடிக்கு நூறு எம்.பி. போலத் தரும், அதுவும் முனை அங்குமிங்கும் ஓடித் தேடும்போது இன்னும் மந்தம். அதே இடத்தில் எஸ்.எஸ்.டி. போட்டால் விநாடிக்கு ஐந்நூறு எம்.பி. வரும், தேடும் ஓட்டமே இல்லை. ஆகவே வேகத்துக்கு உள்ளே மாற்றுவதுதான் வழி.

ஆனால் எல்லாக் கணினியிலும் மாற்ற முடியாது. புதிதாக வரும் மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் நினைவுச் சில்லைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். அவற்றுக்கு வெளிப்பெட்டிதான் கதி. மற்றவற்றிலும் எந்த வகைப் பொருந்தும் என்று முதலில் பார்த்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். "உங்க லேப்டாப் பழசா இருக்கறது நல்லதாப் போச்சு மாமா" என்றான். ஜன்மத்தில் முதல்முறையாக என் பழமைக்கு ஒரு மரியாதை கிடைத்தது.

ரிச்சி தெருவுக்கு இருவரும் போய் ஒரு டி.பி. கொள்ளும் எஸ்.எஸ்.டி. ஒன்றும், பழைய டிஸ்க்கை வைக்க ஒரு சின்னக் கூடும் வாங்கி வந்தோம். கூட்டின் விலை ஓட்டலில் இரண்டு பேர் சாப்பிடும் செலவுதான். புதியதைக் கூட்டில் வைத்து, ஒயரில் மாட்டி, பழையதில் இருந்ததை எல்லாம் அப்படியே அதில் படியெடுத்தான். மூன்று மணி நேரம் ஆயிற்று. படியெடுத்தது சரியாக இருக்கிறதா என்று நாலைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுத்தான். புதியது உள்ளே போயிற்று. பழையது கூட்டுக்குள் வந்தது.

"இந்தப் பழசை மட்டும் நம்பாதீங்க. இதுக்கும் வயசாச்சு" என்றான். "ஆனா ஒரு பிரதியா இருக்கட்டும். பென் டிரைவ்ல வச்சு வருஷக்கணக்கா மூடி வைக்கறதும் வேண்டாம். கரண்ட் படாமலே கிடந்தா அதுல இருக்கிற சார்ஜ் மெல்ல மெல்லக் கசிஞ்சு போயிடும்."

அந்தக் கூட்டைத் திருச்சியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். அடையாறு அவ்வளவு தூரம் வராது. காவிரி வந்தால் அனகாபுத்தூரில் ஒரு பிரதி இருக்கிறது.

*

மூன்றாவது பிரதி ஒன்று வேண்டும் என்று மருமகன் சொன்னான். அதற்கு நான் கடைக்குப் போகவில்லை.

நாற்பது மணி நேரப் படத்தையும் குடும்பம் குடும்பமாகப் பிரித்தேன். யார் வீட்டுப் பெரியவர் பேசினாரோ அந்த வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்படிச் செய்யத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

2015 வெள்ளத்தில் போய்விட்டது என்று நான் துக்கம் காத்தேனே, அந்தப் பெரியவரின் குரல், அது போகவில்லை. வெள்ளத்துக்கு மறு பொங்கலுக்கு அவருடைய பேரன் கோயமுத்தூரிலிருந்து வந்தான். நான் தலைகுனிந்து விஷயத்தைச் சொன்னேன். "எங்கிட்ட இருக்கே சார்" என்றான். தாத்தா செத்த பத்தாம் நாள், அவர் குரலைக் கேட்க வேண்டும் என்று என்னிடம் வந்து செல்போனில் ஏற்றிக்கொண்டு போனானாம். எனக்கு அது மறந்தே போய்விட்டது. நான் பத்திரம் என்று எண்ணி வைத்த இரண்டும் சேற்றில் போயின. பத்திரத்தைப் பற்றி நினைக்காமல், தாத்தாவைக் கேட்க ஆசைப்பட்டு அவன் எடுத்துப் போனது மட்டும் தங்கிவிட்டது.

இப்போதெல்லாம் சரஸ்வதி பூஜையன்று வீட்டில் ஒரு புது வழக்கம். அந்தக் காலத்தில் ஏடுகளை எடுத்துத் தூசு தட்டி மஞ்சள் பூசி வைப்பார்களே, அதைப்போலத் திருச்சியில் தங்கை அந்தக் கூட்டை எடுத்து மாட்டி ஓட விடுகிறாள். ஏதாவது ஒரு குரலைப் போட்டுத் தொலைபேசியில் எனக்குக் காட்டுகிறாள். இந்த வருஷம் அவள் போட்டது அந்தப் பெரியவருடைய குரல். பேரனிடமிருந்து நான் திரும்ப வாங்கி வைத்த பிரதி. அவர் பேச்சுக்கு நடுவே பக்கத்துத் தறி ஓடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அந்தத் தறி இன்று இல்லை.